ஓடியோமொத் ஒலிப்பதிவுக் கருவி: வன்னிக் குகை வாசல்களில் எவ்வளவு உதவும்?

வன்னியின் கற்குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் அடையும் வௌவால்களைக் கணக்கெடுக்க விரும்பும் தன்னார்வலர்களுக்கு, அவை வழிகாண எழுப்பும், நம் காதுக்கு எட்டாத உயர் ஒலியைப் பதியும் ஓடியோமொத் என்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவி கொடுத்த பணத்துக்கு வஞ்சகம் செய்யாத ஒன்று. ஆனால் அது வௌவால்களை எண்ணித் தரும் என்று நம்பி வாங்குபவர் ஏமாந்துபோவார். தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய இந்தக் கருவியில் ஒரு மின்சுற்றுப் பலகை, அதன் முதுகில் மூன்று ஏஏ பற்றரிகள், ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை, ஓர் ஆளி ஆகியவை மட்டுமே உண்டு. திரையோ ஒலிபெருக்கியோ கிடையாது.

இதன் பயன் இடத்துக்கு இடம் மாறும். பிரித்தானியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் குகைகளுக்குள் நுழைந்து, குளிர்கால உறக்கத்திலிருக்கும் வௌவால்களைக் கண்ணால் பார்த்தே எண்ணுகிறார்கள். உறங்கும் வௌவால் வழிகாணும் ஒலி எதையும் எழுப்பாது என்பதால், அங்கே குகைக்குள் இக்கருவியைத் தொங்கவிட்டுப் பெரிய பயன் இல்லை. எண்ணப் போனவரால் அது விழித்துவிட்டாலோ, இளவேனில் வரை தாங்கவேண்டிய உடற்கொழுப்பு வீணாகிவிடும். வன்னியில் அத்தகைய உறக்கம் இல்லை. இங்கே பொழுதுபட்டதும் வௌவால்கள் இரைதேடி வெளியேறுகின்றன. ஆகவே நாம் உள்ளே போகாமல், வாசலருகே ஒரு மரக்கிளையில் கருவியைக் கட்டிவிட்டு விலகி நிற்கலாம். குட்டி சுமக்கும் தாய் வௌவால்களைக் கலைக்காதிருக்க இதைவிட நல்ல வழி இல்லை. குகைக்குள் கரடி படுத்திருக்கக்கூடிய நாட்டில் நமக்கும் அதுதான் நல்லது.

வாங்கியவுடன் கவனிக்க வேண்டியது மாதிரியெடுப்பு வீதம், அதாவது ஒலியலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது. கருவி நொடிக்கு 3,84,000 மாதிரிகள் வரை எடுக்கும். ஓர் அதிர்வுக்குக் குறைந்தது இரண்டு மாதிரிகள் வேண்டும் என்பதால், அதில் பாதியான 192 கிலோஹேர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 அதிர்வுகள்) வரையான ஒலியே பதிவாகும். இது தேவைக்கு மேற்பட்ட வசதிபோலத் தோன்றலாம். ஆனால் இலங்கைக் குகைகளில் வாழும் ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற இலைமூக்கு வௌவால் ஏறத்தாழ 130 கிலோஹேர்ட்சில் ஒலியெழுப்புவது. அட்டையில் இடம் மிச்சம்பிடிக்க வீதத்தை 2,50,000 ஆகக் குறைத்தால், 125 கிலோஹேர்ட்சுக்கு மேலுள்ள அதன் குரலை முறையாகப் பதியவே முடியாது. இவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் விரைவாகத் தேய்ந்துவிடும் என்பதால், கருவி வாசலிலிருந்து சில மீற்றர் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

உச்ச வீதத்தில் இடைவிடாது பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.8 ஜிகாபைட் நிரம்பும். 32 ஜிகாபைட் அட்டை ஓர் இரவுக்குத்தான் வரும். வௌவால்கள் வெளியேறும் இரண்டு மணி நேரத்தை மட்டும் பதியும்படி கணினியில் அட்டவணை அமைத்துவிட்டால் அதே அட்டை பல நாள் தாங்கும். ஒவ்வொரு கோப்புக்கும் திகதியும் நேரமுமே பெயராக அமைவது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய சர்வதேச நேரத்திலேயே விட்டுவைத்தால் நம்முடைய மாலை 6.30 மணிப் பதிவின் பெயர் 130000 (13 மணி 00 நிமிடம் 00 நொடி) என்று முடியும். விவரம் தெரியாதவர் நண்பகல் கழிந்து எடுத்த பதிவு என்று அதை ஒதுக்கிவிடக்கூடும்.

இனி, அது செய்யாதவை. ஒரே வௌவால் வாசலைப் பத்து முறை சுற்றினால் பத்துப் பதிவுகள் கிடைக்கும். பத்து வௌவால்கள் ஒவ்வொன்றாகப் போனாலும் பதிவு அதேபோலத்தான் இருக்கும். இத்தனை வௌவால்கள் என்று சொல்ல, மங்கல் வெளிச்சத்தில் வானத்தைப் பின்னணியாக வைத்து எண்ணும் இரண்டு சோடிக் கண்கள் இன்னமும் வேண்டும். மரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் எதிரொலியால் வழிகாண்பவை அல்ல என்பதால் அவற்றைக் கணக்கெடுக்க இது உதவாது. அந்த இடத்திலேயே ஒலியைக் கேட்டு மகிழவும் முடியாது. வீட்டுக்கு வந்து, இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி போன்ற மென்பொருளில் அலைவரிசைப் படமாக (நேரம் செல்லச் செல்ல ஒலியின் அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று காட்டும் படம்) விரித்துப் பார்த்தால்தான் இலைமூக்கு வௌவாலின் தட்டையான கோடு தெரியும். என் கணிப்பில், பாடசாலை மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டுவதற்குக் வௌவால் ஒலியை அங்கேயே நம் காதுக்கு எட்டும்படி மாற்றித்தரும், கையில் பிடித்துக் கேட்கும் கருவியே மேல். ஆண்டுதோறும் ஒப்பிடக்கூடிய சான்று சேர்ப்பதற்கு இதுவே மேல்.

மாரி காலத்தில் வெறும் பலகையாக வெளியே வைக்க முடியாது. பொலித்தீன் பையில் சுற்றுவது மலிவான வழிதான், ஆனால் தடித்த பை உயர் ஒலியை மட்டுப்படுத்தும். காற்றில் அது சரசரப்பதும் சேர்ந்தே பதிவாகும். ஒலி புகும் மென்சவ்வு பொருத்திய நீர்புகா உறையையும் சேர்த்து வாங்குவதே நல்லது. கருவியின் விலையுடன் உறை, அட்டை, தபாற்செலவு, சுங்கத் தீர்வை எல்லாம் கூடிவரும்போது தனியொருவருக்குப் பாரமாகத்தான் இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, மாங்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் என்று முறைவைத்துப் பயன்படுத்தலாம். மிதிவெடி அகற்றி முடித்த இடம்தானா என்பதை ஊராரிடமும், காடு என்றால் அனுமதியை வனத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.