வீடற்றோர் கணக்கெடுப்பில் இரண்டு இரவுகள்: ஒரு தன்னார்வலரின் மதிப்பீடு

வட சென்னையில் பாரிமுனை தொடங்கி வால்டாக்ஸ் சாலை வரை தெருவோரத்தில் உறங்கும் மக்களை நேரில் கண்டு விவரம் பதியும் பணிக்கு, ஒரு தொண்டு நிறுவனம் தன்னார்வலர்களை அழைத்திருந்தது. கடந்த ஆண்டு நானும் பெயர் கொடுத்து, அரை நாள் பயிற்சிக்கும் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை இரவுகளுக்கும் சென்றுவந்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில உள்ளன. குறைந்த ஊதியத்தில் ஆண்டு முழுவதும் அந்தத் தெருக்களிலேயே நடக்கும் அதன் களப்பணியாளர்களின் உழைப்பை அவை மறைத்துவிடக் கூடாது. இத்தகைய பணிக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், போகலாம் என்பதே. ஆனால் போகும் முன் அவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாளை வாங்கி முழுவதும் படித்துவிடுங்கள்.

பயிற்சியில் குறை சொல்ல எதுவுமில்லை. அதை நடத்தியவர் அதே பகுதியின் நடைபாதையில் பிறந்து வளர்ந்த பெண்மணி. உறங்குபவரை எழுப்பக் கூடாது, முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, வீடு கிடைக்கும் என்றோ பணம் கிடைக்கும் என்றோ வாய்தவறியும் சொல்லக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிவந்தவர், விரித்திருக்கும் பாயையோ தார்ப்பாயையோ செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார். பாயின் விளிம்பு அவர்களுக்கு வாசற்படி; அங்கே நின்று, வரலாமா என்று கேட்ட பிறகே உட்கார வேண்டும். முதல் இரவில் அவசரத்தில் ஓரிருவரிடம் நின்றபடியே பேசியபோது ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகு, கேட்காததையும் சொன்னார்கள்.

வேலை இரவு பத்தரை மணிக்குத் தொடங்கியது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கிய பிறகுதான் அங்கே பாய் விரிக்க இடம் கிடைக்கிறது. விடிவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். இடைப்பட்ட சில மணி நேரத்தில், அதுவும் தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில், ஒரு குடும்பத்தின் வரலாற்றையே கேட்டுப் பதிய வேண்டியிருக்கிறது. இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண் கட்டாயம் என்று விதித்திருந்தது மிகச் சரியான ஏற்பாடு. என்னுடன் வந்தவர் கல்லூரி மாணவி. என்னிடம் ரேஷன் அட்டை பற்றி மட்டும் பேசிய பெண்கள், நான் சற்று விலகியிருந்தபோது அவரிடம் குளிப்பதற்குப் படும் பாட்டையும், வயதுக்கு வந்த மகளை இரவில் நடுவே படுக்க வைத்துப் பெரியவர்கள் இருபுறமும் முறை வைத்து விழித்திருப்பதையும் சொன்னார்கள்.

கேள்வித்தாள் கைபேசிச் செயலியில் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள். என் பெரிய மனக்குறை இதில்தான். பெயருக்கும் வயதுக்கும் அடுத்ததாக நிரந்தர முகவரியைக் கேட்டது. நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. வீடு இல்லாதவர்களுக்கென்றே தயாரித்த படிவத்தில் இந்தக் கேள்வி எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை. வேறொரு கணக்கெடுப்பின் படிவத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். அதை நான் வாய்விட்டுக் கேட்ட முதல் நபர், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, தாம் உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டி, “இதான் தம்பி. நானும் இங்கதான் பொறந்தேன், எங்கம்மாவும் இங்கதான்” என்றார். கடையின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதி அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதன் பிறகு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதைவிட முக்கியமான பிழை ஒன்று, பார்வைக்குப் பிழையாகவே தெரியாது. கழிப்பறை வசதி உண்டா என்ற கேள்விக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகள் இருந்தன. அருகில் கட்டணக் கழிப்பறை இருப்பதால் ஏறக்குறைய எல்லோரும் உண்டு என்றார்கள். மாணவி மேலும் பேச்சுக் கொடுத்த பிறகே, இரவு பத்து மணிக்கு அது பூட்டப்படுவதும், ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டியிருப்பதும், அதற்காகவே பெண்கள் மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும் தெரியவந்தன. படிவத்தில் அவர்கள் வசதி உள்ளவர்கள். அந்த எண்ணை அறிக்கையில் படிக்கும் அதிகாரி, இங்கே கழிப்பறைச் சிக்கல் இல்லை என்று முடிவெடுத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ‘பிற குறிப்புகள்’ என்று கடைசியில் இருந்த சிறு பெட்டியில் இவற்றையெல்லாம் எழுதிவைத்தோம்.

இரவில் மட்டும் எண்ணுவதால் விடுபடுபவர்கள் குறித்தும் சொல்ல வேண்டும். சந்தைகளில் இரவு முழுவதும் மூட்டை தூக்குபவர்கள் பகலில்தான் படுக்கிறார்கள்; நாங்கள் போன நேரத்தில் அவர்கள் வேலையில் இருந்தார்கள். அரசுப் பொது மருத்துவமனையில் சேர்த்த உறவினருக்காக வாரக்கணக்கில் வெளியே தங்கியிருப்பவரையும், மீன்பாடி வண்டி எனப்படும் மூன்று சக்கரச் சுமைவண்டியின் மேல் உறங்கி ஊரில் உள்ள வீட்டுக்குப் பணம் அனுப்புபவரையும், மூன்று தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பத்தையும் படிவம் ஒரே பட்டியலில் சேர்த்தது. மூவரின் தேவையும் வெவ்வேறு. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியை முதலிலேயே வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். அது முப்பதுக்கு மேல் எங்கோ இருந்தது.

இப்பணி எவ்வளவு தேவை என்பதற்குச் சில விவரங்களை நினைவுபடுத்துகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை ஒரே இரவில் எண்ணுகிறார்கள். கடைசியாக எண்ணியது 2011 பிப்ரவரி 28 இரவு. சாலையோரம், மேம்பாலத்தின் அடி, பெரிய குழாய்கள், ரயில் நடைமேடை, வழிபாட்டுத் தலத்தின் திறந்தவெளி போன்ற இடங்களில் வாழ்வோர் நாடு முழுவதும் 17,73,040 பேர் என்று அப்போது பதிவாயிற்று. 2021-இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பழைய எண்ணையே எல்லோரும் எடுத்தாள வேண்டியதாயிற்று. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றோர் தங்கும் காப்பகம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும்படி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் காப்பகத்தில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று வரையறுத்தது. எந்தப் பகுதியில், யாருக்கான காப்பகம் என்று முடிவு செய்யத் தெருவாரியான விவரம் வேண்டும். அதை இத்தகைய தொண்டு நிறுவனங்களும் சில இரவுகளைத் தரும் தன்னார்வலர்களும்தான் பெரும்பாலும் திரட்டுகிறார்கள்.

காப்பகத்துக்குப் போக விருப்பமா என்ற கேள்விக்கு நாங்கள் சந்தித்த குடும்பங்களில் ஒன்றுகூட ஆம் என்று சொல்லவில்லை. ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு ஓர் இடம் என்று பிரித்துவிட்டால் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் எங்கே சேர்ந்திருப்பது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தெருவோரங்களிலும் குடிசைகளிலும் இருந்து அகற்றப்பட்டவர்களுக்கு அரசு மறுகுடியிருப்பு கட்டிய பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ வீடு தந்தால் போவீர்களா என்றும் படிவம் கேட்டது. அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டதுமே சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் இடத்தைக் காலி செய்யச் சொல்ல வந்தவர்களோ என்ற அச்சம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. பூ கட்டியும் சுமை தூக்கியும் கடை பெருக்கியும் பிழைப்பவர்களுக்குப் பிழைப்பு இந்தத் தெருவில் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளியும் இங்கேதான். நகரின் தென்கோடியிலிருந்து விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கு எப்படி வருவது? வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு உதவி கிடைத்தால் போவீர்களா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், அடையாள அட்டையும் தண்ணீரும் தேநீரும் கொடுத்தார்கள். காவல் நிலையத்துக்கு முன்பே தகவல் சொல்லியிருந்தார்கள். பணி முடிந்த பிறகு பெண்களை வேனில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். இரண்டாம் இரவில் செயலி ஒரு மணி நேரத்துக்கும் மேல் முடங்கிப்போனது. மாற்றாக அச்சிட்ட படிவம் கையில் இல்லாததால், விழித்துக் காத்திருந்த பலர் உறங்கப் போய்விட்டார்கள். அவர்களைப் பதிய முடியவில்லை.

பணி முடிந்த பின் என்ன நடந்தது என்பதைத்தான் நான் அதிகம் கவனித்தேன். “போன தடவையும் இப்படித்தான் எழுதிக்கினு போனாங்க” என்று குறைந்தது பத்துப் பேராவது எங்களிடம் சொல்லியிருந்தார்கள். காலில் ஆறாத புண்ணோடு இருந்த முதியவர் ஒருவரின் விவரத்தை அவசரப் பட்டியலில் சேர்த்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து நானே போய்ப் பார்த்தபோது, களப்பணியாளர் ஒருவர் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கட்டுப் போட்டு வந்திருந்தார். அது மனநிறைவைத் தந்தது. ஆனால் தொகுத்த அறிக்கை தன்னார்வலர்களுக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அதுவும் நாங்கள் இரண்டு முறை கடிதம் எழுதிக் கேட்ட பிறகே வந்தது. விவரம் தந்த மக்களுக்கு, அவர்களுடைய தெருவிலேயே, புரியும் தமிழில் அதைப் படித்துக் காட்டவில்லை. பத்து நிமிடமாவது அதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்று எழுத்தில் தெரிவித்திருக்கிறேன்.

அடுத்த சுற்றுக்கு நானும் அந்த மாணவியும் பெயர் கொடுத்துவிட்டோம். நிரந்தர முகவரிக் கேள்வியை எடுத்துவிடுவதாகவும், கழிப்பறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், ஒரு நாளைக்கு அதற்கு எவ்வளவு செலவாகும் என்று தனித்தனியாகக் கேட்கப்போவதாகவும் ஒருங்கிணைப்பாளர் பதில் எழுதியிருக்கிறார். புதிதாக வருபவர்கள் உட்காருவதற்கு ஒரு செய்தித்தாளும், வெளிச்சத்தைத் தணிக்க டார்ச்சின் மேல் கட்ட ஒரு துணியும், செயலி நின்றுபோனால் எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவாருங்கள்.