தாழ்ந்த சின்ன காருக்கு ட்ராலி ஜாக்கி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வண்டியைத் தூக்க, சக்கரத்தில் உருளும் ட்ராலி ஜாக்கி வேண்டும் என்று நாகர்கோவிலில் எந்த ஹார்டுவேர் கடையில் போய் நின்றாலும் முதல் கேள்வி, "எத்தனை டன் அண்ணாச்சி?" என்பதுதான். பெட்டியிலும் டன் கணக்குதான் கொட்டை எழுத்தில் இருக்கும். என்னுடையது பழைய ஆல்டோ 800. மொத்த வண்டியே சுமார் முக்கால் டன். இன்ஜின் இருக்கும் முன்பக்கத்தை முழுதாகத் தூக்கினாலும் ஜாக்கி மேல் வரும் சுமை அரை டன்னைத் தொடாது. 2 டன்னோ 3 டன்னோ, இந்த வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். பார்க்க வேண்டிய எண் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். ஜாக்கியை முழுதாக இறக்கினால் அதன் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே அது.

ஆல்டோவின் தரை இடைவெளி 160 மி.மீ. என்று கம்பெனி சொல்கிறது. அது புது வண்டிக்கு, ஆள் ஏறாத வண்டிக்கு. பல வருடம் ஓடி ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில் அந்த எண்ணை நம்பாமல் டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது. கடைகளில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வரும் 2 டன் சின்ன ட்ராலி ஜாக்கி இறங்கிய நிலையில் 130, 135 மி.மீ. இருக்கும். 160-க்கு அடியில் 135 தாராளமாகப் போகுமே என்று தோன்றும். என் மச்சானிடம் அப்படி ஒன்று இருந்தது. சொந்தமாக வாங்குவதற்கு முன் அதைத்தான் இரவல் வாங்கி நெடுநாள் ஓட்டினேன். அதனால் அதையும் பிறகு நான் வாங்கிய தாழ்ந்த ஜாக்கியையும் ஒரே வண்டியில், ஒரே முற்றத்தில் பயன்படுத்திப் பார்த்த ஆள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் ஜாக்கியைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் வீடு மணவாளக்குறிச்சி பக்கம். முற்றத்தில் இன்டர்லாக் கல் போட்டிருக்கிறது, அதன் இடுக்கெல்லாம் மணல். கேட்டை நோக்கிக் கொஞ்சம் சரிவு. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் போனால் சரிவு இன்னும் அதிகம். மேட்டில் வீடு, பள்ளத்தில் ரோடு என்றுதான் பாதி வீடுகள். ஒர்க்‌ஷாப்பின் வழவழப்பான சிமெண்ட் தரையை மனதில் வைத்துச் செய்த சாமான் நம் வீட்டு முற்றத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது பெட்டியில் எழுதியிருக்காது.

ட்ராலி ஜாக்கியின் கை நேர்செங்குத்தாக எழும்புவதில்லை. பின்னால் இருக்கும் அச்சைச் சுற்றி வட்டமாக எழும். அதனால் மேலே இருக்கும் தட்டு உயர உயர, கைப்பிடி இருக்கும் பக்கமாகவும் நகரும். வண்டி பிரேக்கில் நிற்கிறது, அது நகராது. அப்போது ஜாக்கிதான் உருண்டு வண்டிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் அந்த இரும்புச் சக்கரங்களே. சக்கரம் கல் இடுக்கில் மாட்டினாலோ மணலில் புதைந்தாலோ ஜாக்கி உருளாது. தட்டு வண்டியின் அடியில் வழுக்கும், இல்லையென்றால் வண்டியையே இழுக்கும். இரண்டுமே நமக்கு ஆகாத காரியம். மண் தரையில் ட்ராலி ஜாக்கி கவிழ்ந்த கதைகளில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத் தீர்வு எளிது: அடியில் ஒரு பிளைவுட் துண்டு. நான் வைத்திருப்பது 18 மி.மீ. அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 135-உம் 18-உம் 153. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பு நசுங்காமல் இருக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையைத் தட்டின் மேல் வைக்க வேண்டும். விளிம்பு பள்ளத்துக்குள் இறங்குவது போக அது ஒரு 10 மி.மீ. சேர்க்கும். ஆக 163. வண்டியின் இடைவெளியோ 160. அந்தத் தகட்டு விளிம்பு வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதி இல்லை என்பதால், மச்சானின் ஜாக்கி நல்ல டயரில் நிற்கும் வண்டிக்கு அடியில் நெருக்கியடித்து நுழைந்துவிடும். காற்று இறங்கிய டயர் என்றால் முடிந்தது. ஆல்டோவின் 145/80 ஆர்12 டயரின் பக்கச்சுவர் 116 மி.மீ.; காற்று முழுதாகப் போனால் அந்த மூலை ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே உட்கார்ந்துவிடும். எதற்காக ஜாக்கி வாங்குகிறோமோ அந்த நேரத்தில்தான் அது உள்ளே போகாது.

நான் கடைசியில் வாங்கியது தாழ்ந்த வகை, இறங்கிய உயரம் 85 மி.மீ. பலகையும் ரப்பரும் சேர்த்து 113. பஞ்சரான மூலை என்றால் பலகையை இன்னும் மெல்லியதாக மாற்றினால் போதும். விலை சின்ன ஜாக்கியைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆனது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது, வராமல் இருக்குமா.

தாழ்ந்த வகை வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 85 மி.மீ. என்பது தட்டு இருக்கும் முனையின் உயரம். ஜாக்கியின் பின்பகுதி, கைப்பிடி செருகும் இடம், அதைவிட நன்றாக உயரமாக இருக்கும். ஆகவே தாழ்ந்த முன்பகுதி எவ்வளவு நீளம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன் பம்பருக்கு அடியில் நுழைத்து, முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பரை எட்ட வேண்டுமென்றால் நீளம் இல்லாமல் நடக்காது. மச்சானின் சின்ன ஜாக்கியை அவ்வளவு உள்ளே தள்ளினால் அதன் கைப்பிடியும் பம்பருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கால் அடி கால் அடியாகப் பம்ப் அடித்து, முட்டி தேய்ந்து, எப்போதடா எழும்பும் என்று ஆகிவிடும். நீளமான ஜாக்கியில் கைப்பிடி முழுதாக வெளியே நிற்கும். நின்றுகொண்டே நாலு அழுத்து அழுத்தினால் டயர் தரையை விடும்.

நடுவில் தூக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். பக்கவாட்டு விளிம்பில், கம்பெனி குறி வைத்த இடத்தில் ஜாக்கியை வைத்தால், தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டை எங்கே வைப்பது? ஸ்டாண்டுக்கும் அதே இடம்தான் வேண்டும். நடுவில் தூக்கினால் இரண்டு பக்க விளிம்பும் காலியாக இருக்கும், இரண்டு ஸ்டாண்டையும் ஒரே தடவையில் வைத்துவிடலாம். எந்த இடத்தில் ட்ராலி ஜாக்கி வைக்கலாம் என்பது வண்டியோடு வந்த மேனுவலில் படமாகவே இருக்கும். அதைப் பார்க்காமல் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த இடத்தில் வைத்தால் இன்ஜின் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப் நெளிந்துவிடும். ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். ஜாக்கியைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் எண்ணெயும் விரல் அகல ரப்பர் சீலும்தான்.

ஸ்டாண்டு என்றதும் இன்னொரு அளவு வருகிறது. சாதாரண ஸ்டாண்டுகள் மிகத் தாழ்ந்த நிலையிலேயே 27, 28 செ.மீ. இருக்கும். வண்டியின் விளிம்பு அதற்கு மேல் எழ வேண்டும். ஆகவே ஜாக்கி எவ்வளவு இறங்கும் என்பதோடு எவ்வளவு ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஜாக்கி 33 செ.மீ. போலத்தான் ஏறும், அதிலும் கடைசிப் பகுதியில் ஆட்டம் தெரியும். என்னுடையது 45-ஐத் தாண்டும். முழுதாக நான் ஏற்றியதே இல்லை.

சரிவான முற்றம் இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். ஆல்டோ முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தில், கியர் பிடிப்பது முன்சக்கரத்தில். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் பிடித்த சக்கரம் அந்தரத்தில் நிற்கும், வண்டியை நிறுத்தி வைப்பது கியர் மட்டுமே. முன்பக்கத்தைத் தூக்கினால் நேர்மாறு. அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் கைப்பிடியைத் தொடுவேன். செங்கல் வேண்டாம், பாரம் வந்தால் பொடிந்துவிடும். ரப்பர் மரத்துண்டு நம் ஊரில் சும்மாவே கிடைக்கும், ஆனால் நனைந்து காய்ந்தால் சீக்கிரம் உளுத்துவிடும். எங்கள் தச்சரிடம் சொல்லி அயினி மரத்தில் ஆப்பு மாதிரி நாலு கட்டை செதுக்கி வைத்திருக்கிறேன். இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

இனி உப்புக்காற்று. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கேட் கொண்டியே ஒரு வருடத்தில் சிவந்துவிடும். ஜூனில் தொடங்கும் மழை போய் ஐப்பசி மழை வரும் இந்த மாவட்டத்தில் காற்றில் ஈரம் குறைவதே கொஞ்ச நாள்தான். ஜாக்கியில் முதலில் துருப்பிடித்தவை போல்ட் தலைகளும் பின்சக்கரத்தின் சுழலும் அச்சும். இந்தப் பக்கத்துக் கருமணல் வேறு மாவு போல உள்ளே புகுந்து, கிரீஸோடு குழைந்து அரைத்துக்கொண்டிருந்தது. சுழல வேண்டிய சக்கரம் ஒருநாள் சுழலவில்லை. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்ததும் சரியானது. அதன் பிறகு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதைச் செய்துவிடுகிறேன். வண்ணப்பூச்சு உரிந்த இடங்களில் பழைய இன்ஜின் ஆயில் தடவிவிட்டாலே போதும், அழகைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்.

முக்கியமானது பிஸ்டன் தண்டு. வேலை முடிந்ததும் ஜாக்கியை முழுதாக இறக்கித்தான் வைக்க வேண்டும். இறக்கினால் தண்டு சிலிண்டருக்குள் எண்ணெயில் இருக்கும். ஏற்றிய நிலையில் விட்டால் பளபளப்பான தண்டில் துருப் புள்ளி விழும், அடுத்த தடவை அந்தப் புள்ளி சீலைக் கிழிக்கும்.

என் ஜாக்கியும் ஒரு கட்டத்தில் மெல்ல இறங்க ஆரம்பித்தது. தூக்கி நிறுத்தினால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் விரல்கடை அளவு இறங்கியிருக்கும். ஸ்டாண்டு இருந்ததால் ஆபத்தில்லை, ஆனால் எரிச்சல். முதலில் காற்றுப் புகுந்ததா என்று பார்த்தேன்: ஜாக்கியை இறக்கும் ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்து, கைப்பிடியைச் சும்மா பலமுறை அடித்தால் உள்ளே மாட்டிய காற்று எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பிவிடும். அதற்கு மசியவில்லை. எண்ணெயை வடித்தபோது அடியில் கசடு. புது ஹைட்ராலிக் ஆயில் ஊற்றியும் முழுதாகச் சரியாகாமல், ஜேசிபி சிலிண்டர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். வால்வுக் குண்டு உட்காரும் இடத்தைத் துடைத்து, சீல்களை மாற்றிக் கொடுத்தார்கள். செலவு பெரிதில்லை, சரியான அளவு சீல் கிடைக்கத்தான் அலைச்சல். விற்ற கடையில் கேட்டபோது, "இதுக்கெல்லாம் யாருண்ணே ஸ்பேர் வைப்பா, புதுசு எடுத்துக்கிடுங்க" என்று பதில் வந்தது. எண்ணெய் குறைந்தால் கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ஜாக்கி சீலின் ரப்பர் அதில் ஊதிக் கெட்டுவிடும்.

இறக்கும் விதத்தில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. சின்ன ஜாக்கியில் வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திருகினால் வண்டி தொப்பென்று விழும். பெரியதில் நீளக் கைப்பிடியையே திருக வேண்டும், நூல் பிடித்த மாதிரி இறக்கலாம். தினமும் நான்கைந்து வண்டி தூக்கும் ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. வீட்டில் தனியாக வேலை செய்பவனுக்குத் தோன்றும்.

குறை என்றால் எடை. முப்பது கிலோவை ஒட்டி வரும், ஒற்றை ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். அலுமினியத்தில் பாதி எடைக்கு வருகிறது, விலையும் அதற்கேற்ப ஏறும். இதை டிக்கியில் போட்டுக்கொண்டு போகும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். களியக்காவிளை ரோட்டில் பள்ளத்தில் விழுந்து டயர் போனால் உதவுவது அதுதான். பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கியை யோசிப்பவர்களுக்கு: அது பெரும்பாலும் 150 மி.மீ.க்கு மேலேதான் தொடங்கும். லோடு ஆட்டோவுக்கு நல்லது, ஆல்டோவுக்கு இல்லை.

சரி, ஏற்கெனவே சின்ன ட்ராலி ஜாக்கி வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரண்டு அங்குலக் கனமுள்ள அகலப் பலகை இரண்டை எடுத்து, ஏறும் முனையைச் சரிவாகச் செதுக்கி, முன்சக்கரங்களை அதன் மேல் ஏற்றி நிறுத்துங்கள். ஐந்து சென்டிமீட்டர் கிடைத்துவிடும். அந்த உயரத்தில் 135-உம் பலகையும் ரப்பரும் சிரமமில்லாமல் உள்ளே போகும். சைலன்சர் துருப் பார்ப்பது, டயர் மாற்றிப் போடுவது, பிரேக் டிரம்மில் மண் துடைப்பது போன்ற, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும் வேலைக்கு அதுவே தாராளம். என்னைப் போல அடிக்கடி அடியில் படுப்பவர்கள் மட்டும் தாழ்ந்த வகைக்குக் காசு போடலாம். போடும்போது டன்னைக் கேட்கும் கடைக்காரரிடம், "இதுக்கு சீல் கிட் வச்சிருக்கீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். இருக்கிறது என்றால் ஜாக்கியோடு சேர்த்து அப்போதே ஒன்று வாங்கிவிடுங்கள்.