மூச்சை வைத்துக் காற்புள்ளி இடாதீர்கள்: ஓர் இணையவழி இலக்கணப் பயிற்சி பற்றிய மதிப்பீடு

என் அக்காள் மகள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாராகத் தொடங்கியபோது, ஆங்கில இலக்கணத்துக்கும் எழுத்துத் திறனுக்கும் எனத் தனியாக நடத்தப்படும் மூன்று மாத இணையவழிப் பயிற்சி ஒன்றில் அவளைச் சேர்த்தோம். மெய்ப்புப் பார்ப்பது என் தொழில் என்பதால், அவளுக்குத் துணையாக நானும் எல்லாப் பாடங்களையும் கேட்டேன். பயிற்சித் தேர்வுகளையும் எழுதிப் பார்த்தேன். பயிற்சியின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஏறக்குறைய இதே பாடத்திட்டத்தோடு இன்னும் பல பயிற்சிகள் விற்கப்படுவதால், பணம் கட்டும் முன் எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்வதே படிப்பவருக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலக்கணப் பகுதி நான் பார்த்தவற்றில் சிறந்தது, கட்டுரைப் பகுதியோ, அதே ஆட்கள் செய்ததுதானா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பலவீனமானது.

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் பயிற்சியின் தரம் விளங்கும். எஸ்.ஏ.டி.யில் விருப்பப் பகுதியாக இருந்த கட்டுரை, 2021 ஜூனுக்குப் பிறகு பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. இன்று கணினியில் நடக்கும் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் ஒரே பிரிவாக, 27 கேள்விகள் கொண்ட இரண்டு பகுதிகளாக வருகின்றன; ஒவ்வொரு பகுதிக்கும் 32 நிமிடம். முதல் பகுதியில் எப்படி விடையளிக்கிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பகுதி எளிதாகவோ கடினமாகவோ வந்து சேரும். மொத்தமுள்ள 54 கேள்விகளில் 11 முதல் 15 வரை வாக்கிய அமைப்பையும் நிறுத்தக்குறிகளையும் பற்றியவை. இன்னும் 8 முதல் 12 வரை, இணைப்புச் சொற்களையும் கொடுக்கப்பட்ட குறிப்புகளை ஒரு வாக்கியமாகத் தொகுக்கும் திறனையும் சோதிப்பவை. ஆக, பிரிவின் பாதியை நெருங்கும் கேள்விகள் இலக்கணத்தையும் எழுத்தையும் சார்ந்தவை. அகராதியைக் கரைத்துக் குடித்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முதல் பாடமே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம் மொழியில் கால், அரை, முக்கால், முற்று என்று புள்ளிகளுக்குப் பெயர் வழங்குவதால், அவற்றை நிறுத்தும் நேரத்தின் அளவுகளாகவே பள்ளியில் பழகினோம். வாசிக்கும்போது மூச்சு விடும் இடம் பார்த்துக் காற்புள்ளி இடுவது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. இந்தப் பயிற்சியின் ஆசிரியர் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் உடைக்கிறார். குறிக்கு இடப்பக்கம் இருப்பது தனி வாக்கியமாக நிற்குமா, வலப்பக்கம் இருப்பது தனி வாக்கியமாக நிற்குமா என்ற இரண்டு கேள்விகளைத் தவிர வேறெதையும் கேட்கக் கூடாது என்கிறார். இரண்டு பக்கமும் நிற்குமானால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இடலாம். காற்புள்ளி இட்டால் அதனோடு 'ஆண்ட்', 'பட்', 'சோ' போன்ற இணைப்புச் சொல் ஒன்று கட்டாயம் வர வேண்டும். முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் மட்டும் முழு வாக்கியமாக இருந்தால் போதும். வலப்பக்கம் ஒற்றைச் சொல்லாகக்கூட இருக்கலாம். இவ்வளவுதான் சட்டம். இதை ஒரு வாரம் முழுக்க, வேறு எதையும் கலக்காமல், கேள்விக்கு மேல் கேள்வியாகப் பழக்குகிறார்கள்.

அந்த வாரத்தில் அவள் தடுக்கி விழுந்த ஒரு கேள்வியை இங்கே காட்டுகிறேன். "த ரிவர் ட்ரைட் அப், ஹவெவர், த ஃபார்மர்ஸ் ஸ்டேட்" என்ற வரியைச் சரி என்று குறித்திருந்தாள். வாய்விட்டுப் படித்தால் 'ஹவெவர்' என்ற சொல்லின் இருபுறமும் குரல் நிற்கிறது. ஆகவே இரண்டு காற்புள்ளிகள் என்பது அவள் கணக்கு. ஆறு வற்றியது ஒரு முழு வாக்கியம், உழவர்கள் தங்கியது இன்னொரு முழு வாக்கியம். 'ஹவெவர்' இரண்டையும் இணைக்கும் தகுதி பெற்ற சொல் அன்று என்பதால், 'அப்' என்ற சொல்லுக்குப் பின் அரைப்புள்ளி வர வேண்டும். இதுவரை எந்தப் புத்தகமும் சொல்லும். இந்தப் பயிற்சி அடுத்த படிக்குப் போனது. "த ரிவர் ட்ரைட் அப்" என்று நிறுத்திவிட்டு, "த ஃபார்மர்ஸ் ஸ்டேட், ஹவெவர், தே ஹேட் நோவேர் டு கோ" என்று அடுத்த வரியைக் கொடுத்தது. இப்போது அரைப்புள்ளி 'ஹவெவர்' என்ற சொல்லுக்குப் பின்னால் போய்விட்டது. ஏனென்றால் முரண் இருப்பது ஆறு வற்றியதற்கும் உழவர்கள் தங்கியதற்கும் இடையில். போக இடமில்லை என்பது தங்கியதற்கான காரணமே தவிர அதற்கு முரணானது அன்று. குறி எங்கே விழ வேண்டும் என்பதைப் பொருள் முடிவு செய்யும் இந்த வகைக் கேள்வியை மனப்பாட விதிகளால் மட்டும் வெல்ல முடியாது. அதை மூன்றாம் நாளிலேயே மாணவர் முன் வைத்ததற்காக இந்தப் பயிற்சியைப் பாராட்டுகிறேன்.

அதே பாடத்தில் சொல்லப்பட்ட ஒரு சிறு உத்தியும் குறிப்பிடத்தக்கது. விடைகளில் இரண்டு, ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்தால் இரண்டுமே தவறு. ஒரு விடையில் முற்றுப்புள்ளியும் இன்னொன்றில் அரைப்புள்ளியும் இருந்து மற்றவை எதுவும் மாறவில்லை என்றால், கேள்வியைப் படிக்காமலே இரண்டையும் அடித்துவிடலாம். இது குறுக்குவழிதான், ஆனால் இரண்டு குறிகளும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று தெரிந்தவருக்கே இது கைகொடுக்கும் என்பதால், இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

வினைச்சொற்கள் பற்றிய பாடங்களில் எனக்குக் குறை உண்டு. 'ஷோட்', 'ஷோயிங்', 'ஹேவிங் ஷோன்', 'டு ஷோ' என்று நான்கு வடிவங்களைக் கொடுத்து, எது வாக்கியத்தை முடிக்கும் என்று கேட்பது இந்தத் தேர்வின் வழக்கமான கேள்வி. ஆசிரியர் இதற்காக அரை மணி நேரம் கலைச்சொற்களை அடுக்கினார். அக்காள் மகள் கண் சொருகத் தொடங்கினாள். நான் ஒளிப்பதிவை நிறுத்திவிட்டு, "இந்த நான்கில் வினைமுற்று எது, எச்சம் எது?" என்று கேட்டேன். "காட்டியது முற்று, மற்றதெல்லாம் எச்சம், சித்தி" என்றாள் உடனே. வினைமுற்று இல்லாமல் வாக்கியம் முடியாது என்பது அவள் ஏற்கெனவே அறிந்த செய்தி. அதை ஆங்கிலத்தில் அடையாளம் காட்ட ஆள் இல்லை, அவ்வளவே.

யாருக்கு உரியவை என்று தெரியாமல் தொங்கி நிற்கும் அடைத்தொடர்களின் கதையும் இதுவே. "வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெய்ன் பிகேன்" என்ற வரியில் பிழை என்ன என்று பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. "நிலையத்துக்கு நடந்து மழை தொடங்கியது" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். நடந்தது மழையா என்று சிரிப்பு வரும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்று நன்னூல் சொல்வதும், காற்புள்ளிக்குப் பின் முதலில் வரும் பெயரே நடந்தவராக இருக்க வேண்டும் என்று எஸ்.ஏ.டி. எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ('மழை பெய்து குளம் நிறைந்தது' என்பது போன்ற வழக்குகளை இலக்கணம் அறிந்தோர் நினைவூட்டுவார்கள், தமிழ் இடம் கொடுக்கும் அந்தச் சலுகையை இந்தத் தேர்வு தருவதில்லை.) தாய்மொழியில் தெளிவாக இருப்பதைக் கொண்டு கற்பிக்கும் வசதி எந்தப் பொதுப் பயிற்சியிலும் இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைச்சொல்லைக் குறைத்து, பிழையான வாக்கியத்தின் அபத்தத்தைக் காட்டியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

இந்தப் பயிற்சியில் நான் மிகவும் மதிப்பது பிழைப் பதிவேடு. ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்று கட்டங்களை நிரப்பினால்தான் அடுத்த கேள்வித்தொகுப்பு திறக்கும்: எந்த விதி, நான் தேர்ந்த விடை என்னை ஏன் இழுத்தது, அடுத்த முறை முதலில் எதைப் பார்ப்பேன். நடுக் கட்டத்தை நிரப்புவதுதான் கடினம். தொடக்கத்தில் "கவனக்குறைவு" என்று எழுதித் தள்ளினாள். அந்தச் சொல்லை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டது மென்பொருள். பிறகுதான் "எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வந்த பன்மைப் பெயரைப் பார்த்து ஏமாந்தேன்" என்று எழுதத் தொடங்கினாள். "த பாக்ஸ் ஆஃப் லெட்டர்ஸ்" என்று வந்தால் வினை பெட்டிக்கு உரியது, கடிதங்களுக்கு உரியது அன்று என்பதை நான் பத்து முறை சொல்லியும் நிற்காதது, அவள் கையால் நான்கு முறை எழுதியதும் நின்றுவிட்டது. முதல் பயிற்சித் தேர்வில் இந்த வகைக் கேள்விகளில் 7 பிழை செய்தவள், கடைசித் தேர்வில் 2 பிழை செய்தாள். அதில் பதிவேட்டின் பங்கே பெரிது என்று நினைக்கிறேன்.

இணைப்புச் சொற்களுக்கான பாடம் சுருக்கமானது, போதுமானது: விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன உறவு என்று முதலில் நம் சொல்லில் சொல்ல வேண்டும். குறிப்புகளைத் தொகுக்கும் கேள்விகளுக்கும் அப்படித்தான். நான்கு விடைகளும் இலக்கணப் பிழை இல்லாதவை என்பதால், கேள்வி கேட்கும் நோக்கத்தை முதலில் படித்து, அதை நிறைவேற்றும் விடையை மட்டும் தேட வேண்டும்.

சொற்சிக்கனம் பற்றிய பாடம், எஸ்.ஏ.டி.யைப் போன்ற இன்னொரு கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான ஏ.சி.டி. எழுதுவோருக்குக் கூடுதலாக உதவும். கூறியது கூறலை அந்தத் தேர்வு விடாமல் சோதிக்கும். 'ஆன்யுவல்' என்று சொன்ன பிறகு 'எவ்ரி இயர்' என்று சேர்த்தால் பிழை. 'நடுசென்டர்' என்றும் 'கேட்டு வாசல்' என்றும் பேசிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புரியாத செய்தி அன்று. ஆனால் ஏ.சி.டி.யின் ஆங்கிலப் பிரிவு 2025இல் 35 நிமிடத்தில் 50 கேள்விகள் என்று மாறிய பிறகும், பயிற்சித் தாள்கள் பழைய 45 நிமிடம், 75 கேள்விகள் என்ற கணக்கிலேயே இருந்தன. ஒரு கேள்விக்குக் கிடைக்கும் நேரம் 36 வினாடியிலிருந்து 42 வினாடியாக மாறியிருக்கும்போது, பழைய தாளில் வேகத்தைப் பழகுவது வீண் பதற்றத்தையே தரும்.

இனி கட்டுரைப் பகுதி. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ்., மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. ஆகிய இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்து இதைக் கூடுதல் கட்டணத்துக்கு விற்கிறார்கள். என் ஆர்வத்தால் நான் மட்டும் சேர்ந்தேன். ஜி.ஆர்.ஈ. தேர்வில் 2023 செப்டம்பர் முதல், கொடுத்த கருத்தைப் பற்றி நம் நிலையை எழுதும் 30 நிமிடக் கட்டுரை ஒன்று மட்டுமே உண்டு. பிறர் வாதத்தை ஆராயும் இரண்டாவது கட்டுரை நீக்கப்பட்டுவிட்டது. இங்கோ அந்த நீக்கப்பட்ட கட்டுரைக்கு ஆறு பாடங்கள் இன்னும் இருக்கின்றன. எழுதிக் கேட்டேன், "கூடுதல் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

அதைவிடப் பெரிய குறை வார்ப்புருக்கள். இலக்கணப் பகுதியில் ஒவ்வொரு குறிக்கும் காரணம் கேட்டவர்கள், இங்கே எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முடிவுரை என்று கையில் திணிக்கிறார்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வில் கேட்டதற்கு விடை சொன்னது, கருத்துக் கோவை, சொல்வளம், இலக்கணம் என நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு உண்டு. எதற்கும் பொருந்தும் முன்னுரை இவற்றில் முதலாவதையே கெடுத்துவிடும். 60 நிமிடத்தில் குறைந்தது 150 சொல்லிலும் 250 சொல்லிலும் இரண்டு பணிகளை முடிக்க வேண்டிய இடத்தில், 50 சொல்லை இப்படிப் பொதுப்பேச்சில் கரைப்பது நட்டம். இரண்டாவது பணிக்கு முதல் பணியைப்போல் இரு மடங்கு மதிப்பு என்பதையாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

தானியங்கி மதிப்பீட்டைச் சோதிக்க நான் ஒரு வேலை செய்தேன். என் கட்டுரை ஒன்றுக்கு 4 மதிப்பெண் வந்தது. நடுப் பத்திகள் மூன்றையும் முன்பின்னாக மாற்றி, 'ஃபர்தர்மோர்' என்று தொடங்கும் வெற்று வாக்கியங்கள் நான்கைச் செருகி, மறுபடி அனுப்பினேன். 4.5 வந்தது. எழுதும் பெட்டியோ, எழுத்துப்பிழை வந்த உடனே சிவப்புக் கோடு போட்டுத் திருத்திக் கொடுக்கிறது. உண்மையான ஜி.ஆர்.ஈ. திரையில் எழுத்துப்பிழை காட்டும் வசதியோ இலக்கணம் திருத்தும் வசதியோ கிடையாது. ஊன்றுகோலோடு ஓடிப் பழக்கிவிட்டு, பந்தய நாளில் அதைப் பிடுங்கிக்கொள்வது போன்றது இது.

ஒரேயொரு கட்டுரையை மட்டும் ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்தித் தந்தார். மூன்று நாளில் தருவதாகச் சொன்னது பத்தாம் நாள் வந்தது. ஆனால் அவர் எழுதிய குறிப்பு நேராக இலக்கைத் தொட்டது: "இரண்டாம் பத்தியின் கடைசி வாக்கியத்தில்தான் உங்கள் கருத்து இருக்கிறது, அதற்கு முன் வந்த ஐந்து வாக்கியங்களும் அதைத் தேடிக்கொண்டிருக்கின்றன. தேடலை வெட்டிவிட்டு, கண்டெடுத்ததிலிருந்து தொடங்குங்கள்." தொழில்முறையில் பிறர் எழுத்தை வெட்டுபவளான எனக்கு இது உறைத்தது. இப்படி ஐந்து குறிப்புகள் தந்திருந்தால் வார்ப்புருக்களை மன்னித்திருப்பேன்.

கைப்பேசியில் பாடங்கள் தடையின்றி ஓடுகின்றன. பயிற்சித் தேர்வுகளை மட்டும் கணினியில் எழுதுவது நல்லது, ஏனெனில் தேர்வுத் திரையில் பத்தியும் கேள்வியும் அருகருகே நிற்பதற்குக் கண் பழக வேண்டும். கேள்வி வங்கி தீர்ந்துவிட்டால், எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு தன் புளூபுக் செயலியில் இலவசமாகத் தரும் முழுப் பயிற்சித் தேர்வுகள் இருக்கின்றன. அவற்றைக் கடைசி மாதத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கும்படி இந்தப் பயிற்சியே அறிவுறுத்துவது நேர்மையான செயல்.

எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. எழுதுவோர் இலக்கணப் பகுதியில் மட்டும் தயங்காமல் சேரலாம். மூன்று மாதம் தேவையில்லை, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். கட்டுரைப் பகுதிக்குக் கேட்கும் கூடுதல் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். பயிற்சியைப் புதுப்பிக்கச் சொல்லி எனக்கு வந்த மின்னஞ்சலின் முதல் வரியிலேயே, இரண்டு முழு வாக்கியங்களை ஒற்றைக் காற்புள்ளி இணைத்துக்கொண்டு நின்றது. அதை அக்காள் மகள்தான் முதலில் பார்த்தாள்.