குழந்தைக் குவில்ட்டுக்கு எந்த விளிம்பு: பட்டியா, மடிப்பா, புரட்டலா?

குவில்ட் என்பது மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைத்த விரிப்பு. குழந்தைக்குத் தைக்கும் குவில்ட்டில் முதலில் நைந்துபோவது நடுப்பகுதி அல்ல, விளிம்புதான். பிடித்து இழுப்பதும் வாயில் வைத்துக் கடிப்பதும் அங்கேதான். துவைத்துப் பிழியும்போது முறுக்குவதும் அதே இடத்தைத்தான். மேல் துணிக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கப் பல நாள் செலவிடுகிறவர்கள்கூட விளிம்பைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

விளிம்பு முடிக்க வீட்டில் மூன்று வழிகள் உண்டு. தனியாகப் பட்டி வெட்டி வைத்து அடிப்பது ஒன்று. அடித்துணியையே பெரிதாக விட்டு மேலே மடித்துத் தைப்பது இன்னொன்று. தலையணை உறைபோல உள்பக்கமாகத் தைத்துப் புரட்டிப் போடுவது மூன்றாவது. இவற்றுள் எதை எப்போது முடிவு செய்ய வேண்டும் என்பதிலேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது. புரட்டும் முறையை, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். மடிப்பு முறையை, ஓரத்தை வெட்டிச் சமன் செய்வதற்கு முன் தீர்மானிக்க வேண்டும். பட்டிக்கு மட்டும் அவசரமில்லை; எல்லாம் முடிந்த பிறகும் யோசிக்கலாம். அதனால்தான் மற்ற இரண்டும் சொதப்பினாலும் ஓரத்தை வெட்டிவிட்டுப் பட்டியடித்துக் காப்பாற்றிவிட முடிகிறது.

கீழே உள்ள கணக்கெல்லாம் 36 அங்குல அகலம், 42 அங்குல நீளம் உள்ள குவில்ட்டுக்கு. 44 பன்னா (44 அங்குல அகலம்) துணியில் ஒன்றேகால் மீட்டர் எடுத்தால் அடித்துணி ஒட்டுப்போடாமல் கிடைக்கும், சுற்றிலும் மூன்று நான்கு அங்குலம் மிச்சமும் இருக்கும்.

தனிப் பட்டி

சுற்றளவு 156 அங்குலம். மூலை மடிப்புக்கும் கடைசி இணைப்புக்கும் 12 அங்குலம் சேர்த்தால் 168. பன்னாவில் ஓரக்கரை போக 42 அங்குலம் கிடைக்கிறது என்று வைத்தால், நான்கு பட்டி போதும் என்று கணக்கு சொல்லும். போதாது. பட்டிகளை 45 டிகிரி சாய்வாக இணைக்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டரை அங்குலம் போய்விடும்; நான்கு பட்டி சேர்ந்து 160½தான் வரும். ஐந்து வெட்டுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில் ஐந்து பட்டிக்கு 12½ அங்குலத் துணி, அதாவது மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட வேண்டும். விளிம்பில் இரண்டடுக்குத் துணி நிற்பது இதனால்தான். இந்த முறை நீண்ட நாள் உழைப்பதற்கு முதல் காரணமும் அதுவே. கடையில் கிடைக்கும் ரெடிமேட் பைப்பிங் பெரும்பாலும் ஒற்றை அடுக்கு. சட்டைக் கழுத்துக்கு அது சரி, வாரம் ஒருமுறை துவைக்கும் குவில்ட்டுக்குத் தாங்காது.

அகலத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. நடுவில் பாலியஸ்டர் பஞ்சு போட்டுத் தடிமனாக இருந்தால் 2½ அங்குலம். பழைய வேட்டியை நான்கைந்து மடிப்பாக வைத்த மெல்லிய குவில்ட்டுக்கு 2¼ போதும். மெல்லியதில் 2½ வைத்தால் பட்டிக்குள் பஞ்சு நிரம்பாமல் வெறும் துணியாகத் தொங்கும். நாலு துவைப்பில் அந்த இடம் சுருண்டுகொள்ளும்.

தைக்கும் முன் மூன்று அடுக்கையும் விளிம்பிலிருந்து ⅛ அங்குலத்தில் ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் அடித்துணி நழுவி, சில இடங்களில் பட்டிக்குள் அகப்படாமலே போகும். பிறகு பட்டியின் திறந்த ஓரங்களைக் குவில்ட்டின் முன்பக்க ஓரத்தோடு சேர்த்து, ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, கடைசி இணைப்புக்காக முதல் 8 அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, ¼ அங்குலத் தையல் போடுங்கள். ஊசி 14 நம்பர், தையல் நீளம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். மேல் துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டலாம்.

மூலைக்கு ¼ அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி நூலை வெட்ட வேண்டும். பட்டியை 45 டிகிரியில் மேலே தூக்கி மடித்து, அதே பட்டியை நேராகக் கீழே இறக்கி, அடுத்த ஓரத்தின் விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்தக் கால் அங்குலத்தை மறந்து கடைசிவரை தைத்துவிட்டால் மூலை மடியவே மடியாது. பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை.

பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரம் சுருங்கிக் கிண்ணம்போல் மேலே எழும். குவில்ட்டை இழுத்தால் ஓரம் அலையலையாக நெளியும். இரண்டையும் தடவி வைத்து, மெஷின் தானாக இழுத்துக்கொள்ள விடுவதே சரி.

நேர் நூலா, கிராஸா?

பட்டிக்குள் இன்னொரு போட்டி இது. துணியின் இழையோட்டத்திலேயே வெட்டுவது நேர் நூல்; அதற்கு 45 டிகிரி சாய்வாக வெட்டுவது கிராஸ். நேர் நூலில் வெட்டிய பட்டியில் விளிம்பின் மடிப்பு ஏறக்குறைய ஓரிரு இழைகளின் மேலேயே முழு நீளமும் ஓடும். அந்த இழை நைந்தால் ஒரேயடியாகக் கிழிசல் நீளும். கிராஸ் பட்டியில் இழைகள் மடிப்பைக் குறுக்கே கடக்கின்றன. ஒன்று அறுந்தாலும் பக்கத்து இழை பிடித்துக்கொள்ளும். உழைப்பில் கிராஸ்தான் ஜெயிக்கும். ஆனால் இழுபடும், முதன்முறை தைப்பவர் கையில் அது நெளிந்துபோக வாய்ப்பு அதிகம். துணியும் கூடுதலாக வேண்டும்: இதே குவில்ட்டுக்கு 23 அங்குலச் சதுரம் ஒன்று.

நான்கு மூலையும் சதுரமாக இருந்தால் நேர் நூல் போதும். மூலையை வளைத்தால் கிராஸைத் தவிர வேறு வழி கிடையாது, நேர்ப் பட்டி வளைவில் உட்காராது. குழந்தைக் குவில்ட்டுக்கு மூலையை வளைப்பதே மேல் என்பது எங்கள் கட்சி. சிறிய சில்வர் தட்டைக் கவிழ்த்துக் கோடு போட்டு வெட்டினால் ஆயிற்று. மூலை மடிப்புத் தொல்லை முழுதும் ஒழிந்துபோகும். குழந்தை கடிக்கும் இடத்தில் துணி மடிப்பு மேல் மடிப்பாகக் குவியவும் செய்யாது. போதாததற்கு, கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைக் கிராஸாக வெட்டினால் கட்டங்கள் வைர வடிவில் சாய்ந்து வரும். அதையே நேராக வெட்டினால் அரைக்கால் அங்குலம் கோணினாலும் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

கையா, மெஷினா?

பட்டியைப் பின்பக்கம் திருப்பி, அதன் மடித்த ஓரத்தைக் கையால் எம்மிங் செய்தால் தையல் வெளியே தெரியாது, அழகாக இருக்கும். ஆனால் 156 அங்குலம் கையால் தைப்பது ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலையல்ல. வாஷிங் மெஷினில் போடப்போகும் குவில்ட் என்றால் மெஷின் தையலே நம்பகமானது. அப்போது வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்: பட்டியை முதலில் அடிப்பக்கத்தில் தைத்து, முன்பக்கம் திருப்பி, மேலிருந்து ஓரத்தையல் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் தையல் கண் முன்னாலேயே விழும். வழக்கம்போல் முன்பக்கத்தில் தொடங்கினால் இரண்டாம் தையல் அடியில் பட்டியைப் பிடித்ததா தவறவிட்டதா என்று தெரியாது.

அடித்துணி மடிப்பு

அவசரத்துக்கு உகந்தது இது. பஞ்சை மேல் துணியின் ஓரத்தோடு வெட்டிவிட்டு, அடித்துணியை மட்டும் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். அரை அங்குலம் மடித்து, இன்னொரு மடிப்பாக மேல் துணியின் மேல் கொண்டுவந்து தைத்தால் அரை அங்குலக் கரை கிடைக்கும். தனித் துணி, இணைப்பு எதுவும் வேண்டாம்.

ஆபத்து கத்தரிக்கோலில் இருக்கிறது. பஞ்சை வெட்டும்போது அடியில் இருக்கும் துணியும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அந்தப் பக்கத்துக்குக் கரையே இல்லை. அடித்துணியை முதலில் பின்னால் மடித்து ஊக்குக் குத்தி ஒதுக்கிவிட்டுப் பஞ்சில் கைவைப்பது நல்லது. இன்னொரு குறை: விளிம்பில் நிற்பது ஓரடுக்குத் துணிதான். அது நைந்தால் அடித்துணியே நைந்ததாகக் கணக்கு. கழற்றி மாற்ற முடியாது. வேட்டி, மல் போன்ற மெல்லிய துணி அடியில் இருந்தால் இந்த முறை வேண்டாம். போப்ளின் என்றால் பரவாயில்லை.

புரட்டித் தைப்பது

பஞ்சைக் கீழே விரித்து, அதன்மேல் இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்து, சுற்றிலும் தைத்து, ஒரு பக்கத்தில் 8 முதல் 10 அங்குலம் வாய் விட்டுப் புரட்டுவது. மூலைகளில் அதிகத் துணியை வெட்டி எடுக்காவிட்டால் உள்ளே உருண்டை உருண்டையாக நிற்கும். புரட்டியபின் வாயை மூடி, ஓரத்திலிருந்து ¼ அங்குலத்தில் ஒரு சுற்றுத் தையல் கட்டாயம்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஓரம் மூடிவிட்டதால், நடுவில் தையல் போடும்போது நழுவும் துணிக்கு வெளியேற இடமில்லை. ஓரத்தருகே குவிந்து சுருக்கமாக நின்றுவிடும். அதனால் இதற்கு நெருக்கமான மெஷின் தையலைவிட, நடுவிலிருந்து ஆரம்பித்து நான்கு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு என்ற முறையே ஒத்துவரும். ஆனால் நூல் வால் தொங்கும் முடிச்சு குழந்தைப் பொருளில் கூடாது. விரலில் நூல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். மெஷினில் தையல் நீளத்தைச் சுழியமாக்கி, அதே இடத்தில் ஸிக்ஸாக் எட்டு பத்து முறை அடித்தால் முடிச்சின் வேலையை அது செய்துவிடும். தளர் இலவம் பஞ்சை நிரப்பினால் இந்த நான்கு அங்குல நெருக்கமும் போதாது. முதல் துவைப்பிலேயே பஞ்சு கட்டி கட்டியாகத் திரளும்.

பிப், தட்டு விரிப்பு, உள்ளங்கை அளவு வாய்த்துணி போன்ற சின்னச் சாமான்களுக்குப் புரட்டும் முறைதான் ராஜா. 36 அங்குலத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்த விளிம்பானாலும் துவைப்பில் ஒரு விதி: எல்லாத் துணியையும் முன்னரே நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள், அல்லது எதையும் நனைக்காதீர்கள். மற்றதை நனைத்துவிட்டுப் பட்டியை மட்டும் நனைக்காமல் தைத்தால், முதல் துவைப்பில் பட்டி சுருங்கி ஓரத்தைக் கொசுவமாக்கிவிடும். அடர் சிவப்புப் பட்டி என்றால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம்.

குவில்ட் தரையில் விரித்துக் குழந்தையை விளையாடவிட, மடியில் போட்டுக்கொள்ள. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. பரிசாகக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் குத்திய குண்டூசியையும் ஊக்கையும் எண்ணிச் சரிபார்த்து, ஒரு காந்தத்தை இரண்டு பக்கமும் ஓட்டி எடுங்கள்.