கயிற்றுச் சோல் கேன்வாஸ் ஷூ: மோலியோனா, கட்டலோனியாவா, அர்ஜென்டினாவா?

எஸ்பட்ரில் என்ற பெயரில் கடைகளில் விற்கும் கயிற்றுச் சோல் ஷூவைப் பெரும்பாலோர் மேல்துணியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். கோடு போட்டதா, பூப் போட்டதா, எந்த பிராண்ட் என்பதோடு சரி. இதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. இதன் சுகமும் ஆயுளும் காலுக்கு அடியில் இருக்கும் கயிற்றில்தான் இருக்கின்றன. இதைச் சொந்தம் கொண்டாடும் ஊர்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுபவை பிரான்ஸின் மோலியோன், ஸ்பெயினின் கட்டலோனியா, கடல் தாண்டி அர்ஜென்டினா.

பழமை என்று பார்த்தால் ஸ்பெயினை யாரும் நெருங்க முடியாது. தெற்கே கிரனாடா பகுதியில் அல்புன்யோல் என்ற ஊரின் வௌவால் குகையில், எஸ்பார்ட்டோ என்னும் புல்லால் பின்னிய செருப்புகள் கிடைத்திருக்கின்றன. வயது ஏறக்குறைய 6,000 ஆண்டுகள். பிற்காலத்தில் அந்தப் புல்லுக்குப் பதில் சணப்பு நார் வந்தது, அப்புறம் வங்காளத்துச் சணல் வந்தது. இன்று நாம் வாங்கும் ஜோடிகளில் இருப்பது பெரும்பாலும் சணல்தான்.

செய்முறை எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றே. சணல் புரிகளைப் பின்னி, பாத வடிவில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நூல் ஊடுருவும்படி குறுக்கே தைக்கிறார்கள். அதன் விளிம்போடு கேன்வாஸைத் தடித்த ஊசியால் சேர்க்கிறார்கள். பழைய முறையில் இடது வலது பேதம் கிடையாது. இரண்டும் ஒரே அச்சு, போடப் போடத்தான் உங்கள் காலின் வடிவத்துக்கு வரும்.

முதலில் மோலியோன். பிரான்ஸில் பாஸ்க் இன மக்கள் வாழும் பகுதியில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் வீட்டுத் தொழிலாக இருந்ததைத் தொழிற்சாலைத் தொழிலாக மாற்றியது இந்த ஊர்தான். வடக்கு பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இதன் பெரிய வாடிக்கையாளர்கள். சுரங்கத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் திரும்பத் திரும்ப வாங்கினார்கள்.

இந்த ஊரின் கதையில் என்னை அதிகம் தொடுவது அங்கே தைக்க வந்த பெண்கள். ஸ்பெயின் பக்கத்து மலைக் கிராமங்களான அன்ஸோ, ரோன்கால் போன்ற இடங்களிலிருந்து இளம்பெண்கள் இலையுதிர் காலத்தில் மலையைக் கால்நடையாகக் கடந்து மோலியோனுக்கு வருவார்கள். குளிர்காலம் முழுக்கத் தைப்பார்கள். வசந்தம் வந்ததும் கூலியோடும், அதில் வாங்கிய கல்யாணச் சீர்த் துணிகளோடும் ஊர் திரும்புவார்கள். போகும் வரும் பருவத்தை வைத்து அவர்களுக்குத் 'தகைவிலான் குருவிகள்' என்று பெயர். மோலியோனின் புகழ் அந்தக் கைகளின் உழைப்பு. விளம்பரங்களில் அவர்களைப் பார்க்க முடிவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஷூவாகப் பார்த்தால் மோலியோன் வகையின் பலம் கயிற்றுக்கு அடியில் ஒட்டிய மெல்லிய ரப்பர். கயிறு நேரடியாகத் தரையில் உரசாது, ஈரத் தரையில் சட்டென்று நீரை உறிஞ்சாது. பார்க்க எளிமையானது, மாட்டுவதும் கழற்றுவதும் ஒரு நொடி வேலை. குறை என்றால் குதிகால் பிடிமானம். துணி தளர்ந்ததும் நடக்கும்போது கழன்று வரும். அதனால் முதல் நாள் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதையே எடுக்க வேண்டும்.

கட்டலோனியாவின் பாரம்பரிய வடிவம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. விரல்களுக்கு ஒரு துண்டுத் துணி, குதிகாலுக்கு ஒரு துண்டு, மற்றபடி கணுக்காலைச் சுற்றிக் கட்டும் நாடாக்கள். விவசாயிகளும் மேய்ப்பர்களும் போட்டது. சர்தானா வட்ட நடனத்தில் இன்றும் போடுகிறார்கள். கட்டலோனியக் காவல்துறையின் விழாக்கால உடையிலும் இதற்கு இடம் உண்டு. ஓவியர் சால்வடோர் டாலி இந்த நாடாக் கட்டோடு எடுத்துக்கொண்ட படங்கள் பிரபலம். காலில் அசையாமல் நிற்பதில் இதற்கு இணை இல்லை. ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஒவ்வொரு முறையும் கட்டி அவிழ்ப்பது பொறுமையைச் சோதிக்கும், நாடாவும் மெல்ல நழுவிக் கீழே இறங்கும். ஆடுவதற்கும் விழாவுக்கும் இது. கடைக்குப் போய்வர மோலியோன்தான்.

அதே கட்டலோனியாவில் பான்யோலஸ் என்ற ஊரில் 1927இல் தொடங்கிய காஸ்டன்யேர் நிறுவனத்தின் கதை வேறு. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையினருக்குக் காலணி செய்து கொடுத்தது. போருக்குப் பிந்தைய தலைமுறையில் கிராமத்து மக்கள் நகரங்களுக்குப் போக, கயிற்றுச் சோலை வாங்க ஆளில்லாமல் போனது. 1970களின் தொடக்கத்தில் பாரிஸ் வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் இவர்களிடம் கயிற்றிலேயே உயர்ந்த வெட்ஜ் ஹீல் கேட்டார், அதிலிருந்து தொழில் எழுந்தது. பெண்களின் ஃபேஷனில் இன்று நாம் பார்க்கும் உயரமான எஸ்பட்ரில்களுக்கு வழி போட்டது அந்த ஆர்டர்தான். அழகு, சந்தேகமில்லை. ஆனால் கயிற்றுச் சோலின் சுகமே தரையோடு வளைந்து கொடுப்பது. உயரம் கூடும்போது அது போய்விடுகிறது. அதனால் நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

அர்ஜென்டினாவுக்கு இதைக் கொண்டுபோனவர்கள் பாஸ்க் குடியேறிகள். 1885இல் எட்செகாராய் என்ற பாஸ்க்காரரும் ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து புவனோஸ் அயர்ஸில் ஆலை தொடங்கினார்கள். புல்வெளிகளில் மாடு மேய்த்த காவ்சோக்கள் முதல் நகரத் தொழிலாளி வரை எல்லோர் காலுக்கும் அது வந்தது. இந்த ஷூவுக்கு அங்கே அல்பர்காத்தா என்று பெயர். 1940களின் நடுவில் அர்ஜென்டினா அரசியல் தலைவர் பெரோனின் ஆதரவாளர்கள் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோஷம்கூட 'அல்பர்காத்தா வேண்டும், புத்தகம் வேண்டாம்' என்பதுதான். ஏழைத் தொழிலாளியின் அடையாளம் என்று அந்த அளவுக்கு அது நிலைத்திருந்தது. ஐரோப்பாவில் கடற்கரை உல்லாசமாக மாறிப்போன பொருள் இங்கே வெகுகாலம் வேலைக்கான காலணியாகவே இருந்தது. மூன்றில் இந்த வரலாற்றுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன்.

2006இல் டாம்ஸ் என்ற அமெரிக்க பிராண்ட் அர்ஜென்டினா வடிவத்தை எடுத்துக்கொண்டு உலகம் முழுக்க விற்றது. மேல்துணியின் தோற்றம் அப்படியே வந்தது, அதன் அடிப்படை மாடலில் கயிற்றுச் சோல் வரவில்லை. நல்ல ஷூவாக இருக்கலாம், இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

சரி, எதை எடுப்பது? ஒரே ஜோடிதான் என்றால் ரப்பர் அடி போட்ட மோலியோன் வகை. கடையில் அதைப் பக்கவாட்டில் பாருங்கள்: கயிற்றுப் பின்னல்களுக்கு நடுவே குறுக்குத் தையலின் நூல் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் சோலைச் சுற்றிச் சணல் பட்டையை ஒட்டி விற்பதும் ஏராளம். அதில் ஓர் இடத்தில் பட்டை கிளம்பினால் முழுதும் உரிந்து வரும். உண்மையான கயிறானால் மழையில் போடாதீர்கள். ஊறினால் உப்பி வடிவம் கெடும், பூஞ்சையும் பிடிக்கும். நனைந்தால் நிழலில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

தயாரித்த நாடு என்று பங்களாதேஷ் போட்டிருந்தால் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. ஐரோப்பிய முத்திரை உள்ள ஜோடியிலும் சணல் பெரும்பாலும் அந்த மண்ணில் விளைந்ததே. அங்கேயே தைத்த ஜோடியில் குறுக்குத் தையல் ஒழுங்காக இருந்தால், பசையால் ஒட்டிய ஐரோப்பிய ஜோடியை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன்.