சக்கிமுக்கியா, கேப்பா: ஆயுளுக்கும் ஒரு துப்பாக்கி

உரிமம் பெற்று, குழல் முனையில் வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை வாழ்நாள் முழுதும் வைத்திருக்க எண்ணும் மதுரைப் பக்கத்து நண்பர்கள், சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசும் பொறியால் சுடும் விசையா, அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பியான கேப்பால் சுடும் விசையா என்று என்னிடம் கேட்பதுண்டு.

செலவு: ஒரே கல் பல முறை சுடும், கேப்போ சூட்டுக்கு ஒன்றாகத் தீரும்.

எளிமை: சக்கிமுக்கியில், பொறி விழும் சிறு கிண்ணியிலுள்ள மருந்து ஐப்பசி ஈரத்தில் நமுத்தால் பற்றாது. 1807-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த கேப்பு, ஈரத்தை நன்றாகத் தாங்கும், தாமதமின்றி வெடிக்கும்.

உழைப்பு: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த மருந்து எரிந்தபின் தங்கும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிப்பதால், எந்த விசையானாலும் சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, முற்றிலும் உலர்த்தி, எண்ணெய் பூசியே ஆக வேண்டும். ஓரிரு நாள் தள்ளிப்போட்டாலும் துரு ஏறிவிடும். கேப்புத் துப்பாக்கியில், கேப்பு பொருந்தும் சிறு குழாயையும் கழற்றித் துடைக்க வேண்டும்.

மழையிலும் கைவிடாத துப்பாக்கி வேண்டுவோருக்குக் கேப்பே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. கேப்பு கிடைக்குமா என்ற கவலை உள்ளவரும், கல்லைத் தீட்டிப் பொருத்தும் பொறுமை உள்ளவரும் சக்கிமுக்கியை வாங்கலாம். எதை வாங்கினாலும், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.