சிறுநீரகத் தமனி வழியே பி.பி. சிகிச்சை: அல்ட்ராசவுண்டா, ரேடியோ அலையா?

மூன்று மாத்திரை போட்டும் பி.பி. இறங்காதவர்களுக்குச் சிறுநீரகத் தமனியைச் சுற்றி ஓடும், பி.பி.யை ஏற்றும் நரம்புகளைச் சுட்டுத் தணிக்கலாம். அதற்கு இரண்டு கதீட்டர்கள் (ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்கள்) போட்டியில் உள்ளன. ஒன்று பாரடைஸ் (அல்ட்ராசவுண்ட்), மற்றது ஸ்பைரல் (ரேடியோ அலை). இரண்டுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் 2023 நவம்பரில், பத்து நாள் இடைவெளியில் கிடைத்தது. தொடை வழி நுழைவு, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், சுடும்போது வரும் வலிக்கு மயக்க மருந்து எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

என் ஓட்டு பாரடைஸுக்கு. காரணம், சூடு போய்ச் சேரும் ஆழம். முக்கியத் தமனியின் தொடக்கத்தில் நரம்புகள் சுவரைவிட்டு விலகி ஓடுகின்றன. கிளைகளை நெருங்க நெருங்கத்தான் ஒட்டி வருகின்றன. ஸ்பைரலின் நான்கு மின்முனைகளும் சுவரில் நன்றாகப் படிய வேண்டும், ஒவ்வொரு முறையும் 60 விநாடி. நரம்பைப் பிடிக்கக் கிளைகளுக்குள்ளும் இறங்கியே ஆக வேண்டும். பாரடைஸில் பலூனுக்குள் இருக்கும் உருளை, சுற்றிலும் ஒலியைப் பரப்பி 1 முதல் 6 மி.மீ. ஆழம்வரை 7 விநாடியில் சுட்டுவிடுகிறது. பலூனில் சுழலும் நீர் உள்சுவரைக் குளிர்விக்கிறது. முக்கியத் தமனியில் பக்கத்துக்கு இரண்டு மூன்று இடம், 5 மி.மீ. தள்ளித் தள்ளி, அவ்வளவுதான் வேலை.

சொதப்புவது பெரும்பாலும் பலூன் அளவில்தான். தமனியின் விட்டத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். சிறிய பலூன் நடுவில் நிற்காது, ரத்தமும் ஓரமாய் நழுவிப் போகும். சுடுவதற்கு முன் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்) விட்டு, பலூனைத் தாண்டிப் போகவில்லை என்று பாருங்கள். நீரில் காற்றுக்குமிழி இருந்தால் அந்தத் திசையில் ஒலி போகாது.

நேரடி மோதல் என்று பார்த்தால் 2019இல் வெளியான ரேடியோசவுண்ட் ஆய்வு, 120 பேர். மூன்றாம் மாதத்தில் பகல்நேரச் சிஸ்டாலிக் பி.பி. (மேல் அளவு) அல்ட்ராசவுண்டில் 13.2, முக்கியத் தமனியில் மட்டும் ரேடியோ அலை கொடுத்தவர்களுக்கு 6.5, கிளைகளையும் சேர்த்துச் சுட்டவர்களுக்கு 8.3 மி.மீ. பாதரசம் இறங்கியது. ஆனால் கிளைகளும் சேர்ந்த குழுவுடனான வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. ஜப்பான், கொரியாவில் நடந்த ரிக்வயர் ஆய்விலோ அல்ட்ராசவுண்டுக்கும் போலிச் சிகிச்சைக்கும் (ஒப்பீட்டுக்காக நரம்பைச் சுடாமல் செய்வது) வித்தியாசமே தெரியவில்லை. நீண்டகாலக் கண்காணிப்புத் தரவும் ரேடியோ அலைக்கே அதிகம்.

முக்கியத் தமனி குட்டையாக, தொடக்கத்திலேயே கிளை பிரிந்தால் பலூனுக்கு இடமிருக்காது. அங்கே ஸ்பைரலையே எடுங்கள். எந்தக் கருவியானாலும் நரம்பு சுடப்பட்டதா என்று சிகிச்சை மேசையிலேயே காட்டும் அளவீடு இல்லை. அடுத்த மாதங்களின் பி.பி. பதிவுதான் சொல்லும், அதுவரை மாத்திரையை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.